மெழுகும் உப்பும்

ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போய்வராத பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் குறைவு. மரக்காணத்திலிருந்து வடக்கே போனால் வழியிலேயே வரும் இடம். அங்கே ராட்டினத்துக்கு நிற்கும் கூட்டத்துக்குக் குறையாத கூட்டம் சிலை மனிதரைச் சுற்றி நிற்கும். அரண்மனைக் காவலாளியின் உடுப்பு, தலைப்பாகை, முறுக்கிய மீசை. மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே மனிதர் அந்த வேலையைப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் நாக்கைத் துருத்துவார்கள், குரங்குச் சேட்டை செய்வார்கள், காதருகே போய்க் கத்துவார்கள். அவரைச் சிரிக்க வைத்தால் பரிசு என்ற பேச்சு உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில் பரிசுக்காக நின்றவர்கள் யாரும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தங்களை அவர் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். கருவிழி இம்மியளவு அசைந்தால் போதும், 'பாத்துட்டாரு, பாத்துட்டாரு' என்று கூவிக்கொண்டு ஓடுவார்கள்.

உயிருள்ள மனிதரைச் சிலையாக நிற்கவைத்த வேடிக்கை அது. மெழுகுப் பொம்மையை உயிருள்ள மனிதராக நிற்கவைக்கும் வேடிக்கை இன்று உலகெங்கும் பெரிய வணிகம். லண்டனில் தொடங்கிய மேடம் துஸ்ஸோ காட்சியகம் சிங்கப்பூரின் செந்தோசா தீவுக்கு 2014-ல் வந்தது. 2017 டிசம்பரில் டில்லி கன்னாட் பிளேசில், ரீகல் திரையரங்கு இருந்த கட்டடத்தில் கடை விரித்தது. கொரோனாக் காலத்தில் அங்கே மூடி, 2022-ல் நொய்டாவின் வணிக வளாகம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது. கன்னியாகுமரி, லோனாவாலா, கொல்கத்தா என்று நம் நாட்டுக்காரர்களே நடத்தும் மெழுகுக் கூடங்களும் உண்டு.

நான் போனது சிங்கப்பூரில் இருப்பதற்கு. நடிகை ஸ்ரீதேவியைப் பார்க்கவென்றே போனேன். அவர் இறந்த மறு ஆண்டு, 2019 செப்டம்பரில், அங்கே அவருடைய மெழுகுருவத்தைத் திறந்தார்கள். 'மிஸ்டர் இந்தியா' படத்தின் பாட்டுக் காட்சியில் வரும் பொன்னிற உடையும் தலையணியுமாக நிற்கிறார். சிவகாசிக்கு அருகே மீனம்பட்டியில் பிறந்தவர், 1977-ல் தமிழ்த் திரையில் நமக்கு மயில் என்ற பெண்ணாக வந்தவர். அந்தப் பாவாடை தாவணிப் பெண்ணுக்கு அந்தக் கூடத்தில் இடமில்லை. உலகச் சந்தைக்கு இந்திப் படத்தின் பொன்னுடைதான் தெரியும். இதில் எனக்கு வருத்தம் உண்டு.

உருவத்தின் முன்னால் நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று நின்றிருந்தது. பேத்தி கைபேசியைத் தூக்கிப் பிடித்து, 'ஆயா, அவங்க தோள்ல கை போட்டுக்கோ, சிரி' என்றாள். கிழவி கை போடவில்லை. உருவத்தின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தாள், பிறகு வலப்பக்கம். கோயிலில் கூட்டத்துக்கு நடுவே சாமி முகம் தெரிகிற இடத்தைத் தேடுகிறவர்கள் அப்படித்தான் நகர்வார்கள். கடைசியில் சொன்னாள்: 'எல்லாம் அச்சு அசலா இருக்குது. ஆனா இது நம்மளப் பாக்கலியே, கண்ணு.'

செய்தவர்கள் கண்ணில் குறை வைக்கவில்லை. ஓர் உருவத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட அளவுகள் எடுக்கிறார்கள். களிமண்ணில் தலையைச் செய்து, அச்செடுத்து, மெழுகு வார்க்கிறார்கள். ஆறும்போது மெழுகு சுருங்கும் என்பதால் மண் மாதிரியை அசலைவிடச் சற்றுப் பெரிதாகவே செய்வது வழக்கம். தலைமுடியை ஒவ்வோர் இழையாக ஊசியால் குத்தி நடுகிறார்கள். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். வெண்விழியில் ஓடும் மெல்லிய ரத்த நாளங்களுக்குச் சிவப்புப் பட்டு இழை வைக்கிறார்கள். ஓர் உருவம் முடிய மாதக்கணக்காகும். ஸ்ரீதேவி உட்கார்ந்து அளவு கொடுக்க இல்லாததால் படங்களையும் குடும்பத்தார் சொன்னதையும் வைத்துக்கொண்டு செய்தார்கள். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். இத்தனை கவனத்தோடு ஒரு முகத்தைப் பார்த்தவர்கள் உலகில் அதிகம் இருக்கமாட்டார்கள். அப்படியும் கிழவி சொன்னது சரி. அந்தக் கண்கள் எதிரே நிற்கும் ஆளுக்காக வைக்கப்படவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு படம் எடுத்துக்கொள்ளும்போது, கேமராவில் நன்றாக விழவேண்டும் என்ற கணக்கில் வைத்த பார்வை அது.

இந்தத் தொழிலைத் தொடங்கிய பெண்ணின் கதை எங்கள் கடற்கரைக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. பின்னாளில் மேடம் துஸ்ஸோ ஆன மேரி குரோஷோல்ட்ஸ் 1761 டிசம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்தார். அதே ஆண்டு ஜனவரியில்தான் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்துக் கடலோரத்தில் இடிந்து கிடக்கிற ஆலம்பரைக் கோட்டை அதற்குச் சற்று முன்புவரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஜரிகைத் துணியும் நெய்யும் உப்பும் கப்பலேறிய துறை அது. 1760-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தார்கள். ஊருக்குத் திரும்பிய லாலியைத் துரோகி என்று தீர்ப்பெழுதி 1766-ல் பாரிசில் தலையை வெட்டினார்கள். இந்த அநியாயத்தைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் எழுதியவர் வால்தேர். 1778 மே மாதம் அந்தத் தீர்ப்பு ரத்தானது. சாவுப் படுக்கையில் செய்தி கேட்ட வால்தேர் சில நாட்களில் இறந்துபோனார். அதற்கு முந்தைய ஆண்டு, மருத்துவர் கூர்தியூசிடம் மெழுகுவேலை கற்ற மேரி முதன்முதலில் வார்த்த உருவம் இந்த வால்தேருடையது. வந்தவாசியிலும் புதுச்சேரியிலும் தோற்ற ஒரு மனிதனுக்காக வாதாடிய முகம்தான் மேடம் துஸ்ஸோவின் முதல் மெழுகு முகம்.

பிறகு புரட்சி வந்தது. பிரெஞ்சுக் குடியானவரை வாட்டிய வரிகளில் உப்பு வரி மிகக் கொடியது. 1790-ல் அதை ஒழித்தார்கள். வெட்டுண்ட தலைகளிலிருந்து அச்செடுக்கும் வேலை தன் தலைமேல் விழுந்ததாக மேரி தம் நினைவுக்குறிப்பில் சொல்லியிருக்கிறார். 1802-ல் பிரிட்டன் போய், உருவங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1835-ல் லண்டன் பேக்கர் தெருவில் நிலையாக உட்கார்ந்தார்.

அந்தக் காலத்தின் மெழுகுருவத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். புகைப்படம் இல்லாத உலகம். தன் வாழ்வை ஆட்டிவைக்கிற அரசன் எப்படி இருப்பான் என்று ஒரு நெசவாளிக்குத் தெரியாது. காசு கொடுத்து உள்ளே போய், அவனும் நம்மைப் போலத்தான் இருக்கிறான், நம் உயரம்தான் என்று நேருக்கு நேர் நின்று பார்ப்பது சின்ன விஷயமில்லை. மெழுகு அன்று செய்தித்தாள் வேலையைச் செய்தது. இன்று நாம் போய்ப் பார்க்கும் முகங்கள் சுவரொட்டியிலும் திரையிலும் கைபேசியிலும் ஏற்கெனவே ஆயிரம் முறை பார்த்தவை. தெரிந்துகொள்ள அங்கே ஒன்றும் மீதமில்லை. நாம் அந்த முகத்தின் பக்கத்தில் நின்றோம் என்பதை மற்றவருக்குக் காட்டத்தான் போகிறோம்.

மெழுகில் உருவம் செய்வதில் நாமும் பழையவர்கள். சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, தென்னை ஓலையை மடித்து அளவு குறித்து, விரலும் நகமும் மடிப்புமாக முழு உருவத்தையும் முதலில் மெழுகில்தான் செய்கிறார்கள். பிறகு காவிரி வண்டலை அதன்மேல் பூசி உலர்த்திச் சூடு காட்டுவார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்கூட்டை உடைத்துவிடுவார்கள். அந்த அச்சில் இன்னொன்று வராது. கடைசி வேலை கண். கண் திறக்கும் சடங்கு முடிகிறவரை அது வெறும் உலோகம். திறந்தபின் நாம் மட்டும் அதைப் பார்ப்பதில்லை, அதுவும் நம்மைப் பார்க்கிறது என்பது நம்பிக்கை. 'சாமி என்னப் பாத்துச்சு' என்று சொல்லிக்கொண்டு கோயிலைவிட்டு வருகிற ஜனங்கள் நாம். மாசி மகத்தன்று எங்கள் கடலோரத்துக்குத் தீர்த்தவாரிக்கு வந்து மணலில் இறங்கும் உற்சவ மூர்த்திகள் ஒரு காலத்தில் மெழுகாக இருந்தவர்கள். செந்தோசாவில் நகர்ந்து நகர்ந்து நின்ற கிழவிக்கு ஓர் உருவத்திடம் என்ன கேட்பது என்பது இந்தப் பழக்கத்தில் வந்தது.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னோர் உருவமும் உண்டு. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கதை முடியும் நாளில் படுகளம் நடக்கும். திடலில் துரியோதனனை மண்ணால் செய்வார்கள். படுத்த கோலம், ஒரு வீட்டு நீளத்துக்கும் மேலே இருப்பான். மார்பில் வண்ணப்பொடி, முறுக்கிய மீசை, வானத்தைப் பார்த்து விரிந்த பெரிய கண்கள். விடியற்காலையில் பெண்கள் பானையில் தண்ணீர் கொண்டுவர, ஆண்கள் மண்ணைக் குழைத்துத் தோளையும் தொடையையும் திரட்டுவதைப் பார்த்திருக்கிறேன். முகத்தைச் செய்ய மட்டும் கைதேர்ந்தவர் வருவார். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர் மூக்கைப் பிடிக்கத் தொடங்கியதும் அமைதியாகிவிடுவார்கள். கூத்து கட்டியவர்கள் இரவெல்லாம் ஆடிய வேஷத்தோடு வந்து அந்த மண்ணுடம்பைச் சுற்றி ஓடுவார்கள். மண் துரியோதனன் கீழே கிடக்க, கிரீடம் வைத்த துரியோதனன் அவன்மேலேயே ஏறி ஓடுவான். பீமன் தொடையில் அடித்ததும் உள்ளே வைத்திருந்த செந்நிறம் கசியும். திரௌபதி கூந்தலை முடிப்பாள். பெண்கள் சிலர் ஒப்பாரி வைத்து நிஜமாகவே அழுவார்கள். பகைவனுக்கும் சேர்த்துத்தான் அந்த அழுகை. மாலையில் தீமிதி. அதற்குப் பிறகு அவனைக் காப்பாற்றி வைப்பவர் யாரும் இல்லை. மழை கரைக்கும், ஆடு மாடு மிதிக்கும், சில ஊர்களில் ஒரு பிடி மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

அந்த உருவம் ஒரு நாள்தான் இருக்கிறது. ஊரே அதைச் செய்கிறது, அதோடு மோதுகிறது, அதற்காக அழுகிறது. குளிரூட்டிய கூடத்தில் ஆண்டுக்கணக்கில் துடைத்துப் பராமரிக்கிற உருவத்தோடு நமக்கு இருக்கும் உறவு அரை நிமிடம். எது நிலைத்த உருவம் என்று என்னைக் கேட்டால் நான் மண் துரியோதனனைத்தான் சொல்வேன்.

புகழ் பெற்றவருக்கும் தெய்வத்துக்கும் காவிய நாயகனுக்கும் உருவம் செய்கிறோம். உழைக்கிறவருக்கு? சென்னை மெரினாவில் ஒன்று இருக்கிறது. சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் நிறுவியது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். பள்ளியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரியாக நின்றதாகச் சொல்வார்கள். அந்த நால்வரும் நம்மைப் பார்க்கவில்லை. ஆனால் அதன் முன்னே நிற்கும்போது கிழவியின் குறை எனக்கு வரவில்லை. அவர்களுக்குப் பாறை இருக்கிறது. கவனம் முழுக்க அதில். நம்மைத் திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை என்பது அந்த முதுகுகளில் தெரிகிறது. படத்துக்காக நிறுத்திய பார்வைக்கும் வேலையில் ஆழ்ந்த பார்வைக்கும் உள்ள தூரம் அது.

மரக்காணத்து உப்பளத்துக்கு வருகிறேன். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி எங்கள் ஊர். ஒரு காலத்தில் இங்கே விளைந்த உப்பு அந்தக் கால்வாய் வழியாகப் படகில் சென்னைக்குப் போனது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்கள் சென்னைக்குள் வெட்டிய துண்டு வடக்கையும் தெற்கையும் இணைத்தது. கால்வாய்க்கு அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வந்தது.

உப்பு விளைவிப்பது பொறுமையான வேலை. வடிந்த பாத்தியைச் சேறு கலக்கி, நாள் கணக்கில் காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை கல்லாகாவிட்டால் உப்பில் மண் ஏறும். நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுவார்கள். மூன்று, மூன்றரை டிகிரி உப்புக்கனத்தில் வரும் கடல்நீர் இருபத்தைந்தை எட்டும்போது உப்பு கட்டத் தொடங்கும். முப்பதைத் தொடுவதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். விட்டால் கசப்பு இறங்கிவிடும். கருவி இல்லாமலே, விரலால் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவார்கள் மூத்தவர்கள். காற்றில்லாத பின்மதியத்தில் குனிந்து பார்த்தால் நீரின் மேலே மெல்லிய ஏடுகள் மிதப்பது தெரியும். சதுரம் சதுரமாக, நடுவில் குழிந்து, தலைகீழான சிறு கோபுரங்கள். கனம் கூடியதும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். மெழுகின் கதை வேறு. தேன்மெழுகு அறுபது டிகிரி வெப்பத்துக்கு மேலே உருகும். அதற்கு வெகு முன்பே தளரத் தொடங்கிவிடும். அதனால்தான் மெழுகுக் கூடங்களில் எப்போதும் குளிர். எங்கள் உப்புக்கு வெயில் குறைந்தால் விளைச்சல் போச்சு.

எங்கள் ஊரை ஒட்டிய கழுவெளி ஈரநிலம் பறவைகள் சரணாலயம் ஆகி, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தபிறகு படம் எடுப்பவர்களின் வரத்து கூடியிருக்கிறது. பறவை கிடைக்காத காலையில் உப்பளத்துக்கு வருகிறார்கள். வெள்ளைக் குவியல்கள், கண்ணாடியாய்க் கிடக்கும் பாத்தி, அதில் தலைகீழாக விழும் வானம். எடுக்கத் தூண்டும் இடம்தான், மறுக்கவில்லை. ஒரு காலையில் இளைஞர் ஒருவர் வாருபலகையோடு போன பெண்ணிடம், 'அக்கா, அப்படியே நில்லுங்க' என்றார். அவர் நின்றார். ஒரு கால் முன்னே, பலகை பாதி தூக்கியபடி. சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்வரை நின்றார். இளைஞர் நன்றி சொல்லிக் கருவியின் திரையைக் காட்டினார். கருநிழலாக ஒரு பெண், சுற்றிலும் பொன் வெளிச்சம். அழகான படம். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: 'மூஞ்சி தெரியலியேப்பா. மூஞ்சி தெரியலன்னா இது நான்னு யாருக்குத் தெரியும்?' தலையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, கண்ணைச் சுருக்காமல் இருக்கப் பாடுபட்டு, கேமராவை நேராகப் பார்த்து நின்றார். இளைஞர் அதையும் எடுத்தார். பிறகு கார் ஏறிப் போனார். அந்த அம்மாளுக்குப் படம் வந்ததா என்று சில வாரங்கள் கழித்துக் கேட்டேன். 'நம்பரு வாங்கல சார் அவுரு' என்றார்.

உப்பளத்துக்காரர்கள் முகத்தைச் சுற்றிக் கட்டுவது வெயிலுக்காக மட்டும் இல்லை. மேலே இருந்து வருகிற வெளிச்சம் போதாதென்று கீழே உப்பிலிருந்தும் அது ஏறி அடிக்கும். பல ஆண்டு வேலை செய்தவர்களுக்குக் கண் எப்போதும் சுருங்கியே இருக்கும்; கண் எரிச்சலும் நீர் வடிதலும் அங்கே தினசரிப் பேச்சு. அந்தக் கண்ணை ஒரு நிமிடம் விரியத் திறந்து ஒருவர் நம்மைப் பார்க்கிறார் என்றால் அது எளிதாகக் கிடைக்கிற பார்வை இல்லை. மெழுகுக் கூடத்தில் நாம் பழகிக்கொண்ட ஒரு பழக்கம் கூடத்தோடு நிற்பதில்லை என்பதுதான் என் கவலை. பதில் பார்வை இல்லாமல் பார்ப்பது, நகராமல் நிற்கச் சொல்வது, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவது. அதே கையோடு உயிருள்ளவர்களிடமும் வருகிறோம்.

தை, மாசியில் தொடங்கும் உப்புப் பருவம் புரட்டாசி வாக்கில் முடியும். மழை மாதங்களில் அளத்தில் வேலை இருக்காது. 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலில் பாத்திகளெல்லாம் ஏரியாகிக் கிடந்தன. அந்த மாதங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தை வைத்துக்கொண்டு, கிடைக்கிற மற்ற கூலிக்குப் போவார்கள். படம் எடுக்க வருகிறவர்கள் பருவத்தில் வாருங்கள். உப்பு வாருவது விடியற்காலையில்; வெயில் ஏறினால் களம் காலியாகிவிடும். முதலில் பேர் கேளுங்கள். அவர் வேலையைச் செய்யட்டும், நிற்கச் சொல்லாதீர்கள். முகம் தெரியும்படி ஒரு படமாவது எடுங்கள். பலருடைய வீட்டிலும் இப்போது வாட்சாப் இருக்கிறது. வண்டி ஏறுவதற்கு முன்பு, அங்கே நின்றபடியே படத்தை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.